நானூற்றுப் பதினெட்டாம் டோக்கன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று என் பேரில் ஒரு கட்டடம் நிற்கிறது. மூன்று ஷட்டர். நடுவில் என் பேட்டரிக் கடை, இடப்பக்கம் பஞ்சர் ஒட்டுகிறவர், வலப்பக்கம் கார் சீட் தைக்கிறவர். ஆசிட் கேனைத் தோளில் சுமந்து, போட்ட சட்டையெல்லாம் ஓட்டையாகி, அதே சட்டையோடு முன்னுக்கு வந்தவன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குப் புரியாத விஷயம் என்று வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. வந்தது ஒன்றே ஒன்று. அது நாலு காலில் வந்தது.

ஆனால் இது என் கதை இல்லை. என் கதையை எழுத ஒரு புத்தகம் போதாது. இது வலப்பக்கத்து ஷட்டர்காரர் கதை.

அவரை எல்லோரும் டெய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் ஒரு சட்டைகூடத் தைத்ததில்லை. தன் சட்டையையே கடையில்தான் வாங்குவார். கேட்டால், "மனுஷனுக்குத் தைக்கிறது சுலபம் அண்ணே, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா அவன் வளைஞ்சு குடுப்பான். கார் சீட் வளைஞ்சு குடுக்காது" என்பார். இருபத்திரண்டு வருடமாக என் கட்டடத்தில் இருக்கிறார். மனைவி போய் ஒன்பது வருடம். மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் போன் பேசுவாள். கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். அவ்வளவுதான் அவர் சொத்து.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைக்குள் எது வந்தாலும் அதற்கு டோக்கன் போடுவார். டோக்கன் புத்தகத்தின் தடித்த அட்டையில் இரண்டு பாதியிலும் எண் எழுதி, கிழித்து, ஒரு பாதியை வாடிக்கையாளரிடம் கொடுப்பார். இன்னொரு பாதியைத் தைக்கிற நூலால் பொருளில் கட்டுவார். பொருள் திரும்பப் போகும்போது புத்தகத்தில் மிஞ்சிய அடிப்பக்கத்தில் கையெழுத்து வாங்குவார். பழைய சீட்டைப் பிரிக்கும்போது உள்ளே கிடைக்கிற சாமானுக்கும் அதே மரியாதைதான். பரணில் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, யார் வீட்டுச் சாவிக் கொத்தோ ஒன்று, எல்லாம் கழுத்தில் எண்ணோடு வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும். "மூன்று மாதத்துக்குள் எடுத்துச் செல்லாத பொருள்களுக்குக் கடை பொறுப்பல்ல" என்று நான்தான் என் செலவில் ஒரு போர்டு எழுதி மாட்டிக் கொடுத்தேன். மாட்டிய ஆணிக்குக்கூட அதனால் பிரயோஜனம் இல்லை.

"தூக்கிப் போடேன் டெய்லர், எலி கூடு கட்டுது" என்பேன்.

"நம்மளுது இல்லாதத நம்ம எப்படி அண்ணே தூக்கிப் போடறது" என்பார்.

ஒரு நாள் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பின் சீட்டை நாய் கடித்துக் குதறியிருந்தது. குதறிய நாயும் கூடவே வந்திருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். கார்க்காரர் அவசரத்தில் இருந்தார். "நாய் இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வண்டியோட எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். காருக்கு நானூற்றுப் பதினேழு என்று டோக்கன் போட்டார் டெய்லர்.

மறுநாள் மதியம் டெய்லர் ரெக்ஸின் வாங்கப் போயிருந்தபோது கார்க்காரர் வந்தார். கடையைப் பார்த்துக்கொண்டது நான். டோக்கன் பாதியை வாங்கிப் பார்த்தேன், எண் சரியாக இருந்தது, சாவியைக் கொடுத்தேன். "சீட் அம்சமா இருக்கு" என்றார், போய்விட்டார். நாய் தையல் மிஷினுக்கு அடியில் ஃபோம் துண்டுகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தாரா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதை நான் இன்றுவரை என் தவறு என்று ஒத்துக்கொள்ளவில்லை. காருக்கு டோக்கன் இருந்தது, காரைக் கொடுத்தேன்.

டெய்லர் திரும்பி வந்து காலியிடத்தைப் பார்த்தார்.

"அண்ணே, வண்டியக் குடுத்தீங்க சரி. நாய்?"

"எந்த நாய்?"

மிஷினுக்கு அடியிலிருந்து கொட்டாவி விடும் சத்தம் வந்தது.

கார்க்காரர் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டோம். அணைத்து வைத்திருந்தது. ஒரு வாரம் போட்டோம். பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. டெய்லர் புத்தகத்தின் அடுத்த அட்டையில் நானூற்றுப் பதினெட்டு என்று எழுதி, கிழித்து நாயின் கழுத்தில் கட்டினார். அன்றிலிருந்து அதன் பெயர் பதினெட்டு.

பதினாலு மாதம் வளர்த்தார். காலையில் தான் குடிக்கிற பாலில் பாதி அதற்கு. குளிப்பாட்டுவது, சீப்பு போடுவது எல்லாம் உண்டு. பழைய சீட் பெல்ட்டை வெட்டி வார் தைத்துக் கொடுத்தார், கொக்கியை அழுத்தினால் 'டக்'கென்று கழலும். ஆனால் ஒரு நாள், ஒரு தடவைகூட, "என் நாய்" என்று சொன்னதில்லை. யார் கேட்டாலும், "வாடிக்கையாளரோடது. வருவார்" என்பார். அதற்குக் காரணமும் வைத்திருந்தார். அந்த மாதிரி வெள்ளைக் கார் தெருவில் போனால், இஞ்சின் சத்தத்திலேயே கண்டுபிடித்து நாய் எழுந்து ஓடும். காரைப் பார்த்துவிட்டு, வேறு ஆள் என்று தெரிந்ததும் திரும்பி வரும்.

"பாத்தீங்களா அண்ணே, அது இன்னும் அவரத்தான் தேடுது. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உரிமை கொண்டாடறது?"

எனக்கு மனதுக்குள் ஒரு உறுத்தல். தவறு என்று ஒத்துக்கொள்ளாதவனுக்கும் உறுத்தல் வரும். நாய் ஒரு தடவை பட்டனை விழுங்கியபோது என் வண்டியில்தான் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன், தடுப்பூசியும் போட்டேன். "லைசென்ஸ் எடுத்துடுங்க, இன்சூரன்ஸும் போட்டுடுங்க" என்றார் டாக்டரம்மா. ஒரு வேலையைச் சொன்னால் தள்ளிப்போடுகிற ஆள் நான் இல்லை. என் மாப்பிள்ளையே இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறார். வீட்டுக்கு வரச் சொன்னேன்.

"நாய்க்கு உடம்பு சரியில்லன்னா செலவு வரும் மாமா. நாயால அடுத்தவங்களுக்கு அடிபட்டாலும் கம்பெனி குடுக்கும்" என்றார்.

"உங்களுக்கே இன்னும் போடல, நாய்க்கா?" என்றாள் என் மனைவி.

"எனக்கு என்ன ஆகப்போகுது" என்றேன்.

படிவம் பதினொரு பக்கம். எழுத்து எறும்பு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற அளவுக்கு இருந்தது. "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. ஆளைப் பார்த்தே எடை போடுகிறவன் நான், காகிதத்தைப் படித்து என்ன செய்ய? அதுவும் மாப்பிள்ளைக்கு முன்னால் விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டா உட்கார்ந்திருக்க முடியும்? "நாய் உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டார். "என் கட்டடத்துலதான்" என்றேன். அது பொய் இல்லை. கடைசிப் பக்கத்தில், உரிமையாளர் என்று போட்டிருந்த இடத்தில், வளைவெல்லாம் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸும் அதற்குள்ளேயே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. டெய்லர் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு சீட்டுக்கு ரெக்ஸினை இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். நாயை வாரால் கட்டியிருந்தார், ஆனால் கொக்கி சரியாக விழவில்லை போலிருக்கிறது. தெருவில் வெள்ளைக் கார் சத்தம். நாய் பாய்ந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் எதிர்ச்சாரி முடிதிருத்தகக்காரர், நாங்கள் கத்திரி என்று கூப்பிடுகிறவர். நாயைக் காப்பாற்ற ஹேண்டிலை ஒடித்தார். நாய்க்கு ஒன்றும் இல்லை. கத்திரிக்கு வலது மணிக்கட்டு உடைந்தது.

முடி வெட்டுகிற கை. ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து என் கடை வாசலில் உட்கார்ந்தார். "நாய்மேல கோபம் இல்ல. ஆனா பொண்டாட்டி கேக்கறா, ஆஸ்பத்திரிக்காரன் கேக்கறான், யார் பேரைச் சொல்ல?" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். என் மகள் வயது இருக்கும். கையில் கோப்பு, காதில் பேனா. முதல் கேள்வியே, "இந்த நாய் யாரோடது?"

"என்னுது" என்றேன் நான்.

"வாடிக்கையாளரோடது" என்றார் டெய்லர்.

"டெய்லரோடது. தெருவுக்கே தெரியும்" என்றார் கத்திரி.

அதிகாரியம்மா மூன்றையும் எழுதிக்கொண்டார். எழுதிய காகிதத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார். "ஒரு நாய்தானே?" என்று கேட்டார்.

நான் விடவில்லை. டெய்லர் கடைப் போர்டைக் காட்டினேன். "படிங்கம்மா. மூணு மாசத்துக்கு மேல கடை பொறுப்பல்ல. பதினாலு மாசம் ஆச்சு."

"சார், அது பொருளுக்கு. இது ஓடுதே" என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். பத்து நாள் அவகாசம். உரிமையாளர் யாரோ அவர் ஆபீசுக்கு வந்து லைசென்ஸ் எடுக்க வேண்டும், அடிபட்டவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். யாரும் வராவிட்டாலும், வந்தவர்கள் இப்படி ஆளுக்கொன்று பேசினாலும், நாயைக் காப்பகத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அங்கிருந்து வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். எந்த வீடு என்று சொல்ல மாட்டார்கள்.

டெய்லர் குனிந்தார். நாயின் கழுத்திலிருந்த அட்டையை நேராக்கி விட்டார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நீங்க உரிமையாளர்னா கத்திரியோட ஆஸ்பத்திரிச் செலவ கம்பெனி பாத்துக்கும் மாமா. ஆனா நாய் உங்க வீட்டுல இருக்கணும். ஆள் வந்து பாப்பாங்க. டெய்லர்தான் உரிமையாளர்னா பாலிசி செல்லாது. எல்லாம் அவர் தலையில."

"சட்டம் யாருன்னு சொல்லுது?"

"யார் வச்சு வளக்கறாங்களோ அவங்க."

"அப்ப நான் போட்ட கையெழுத்து?"

"அது வந்து... தப்பான தகவல் மாமா."

"என் கையெழுத்துலயா தப்பு?"

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள் என் மனைவி. "அதுக்கு மேல எழுதியிருக்கறதுதான் தப்பு."

எனக்குத் தலை சுற்றியது. என் பேரில் காகிதம் இருக்கிறது, ஆனால் நாய் என்னுடையது இல்லை. டெய்லரிடம் நாய் இருக்கிறது, ஆனால் அவரே இல்லை என்கிறார். கார்க்காரர் உண்மையான சொந்தக்காரர், ஆனால் அவரே இல்லை. பேட்டரியில் பிளஸ் எது மைனஸ் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற எனக்கு இதில் முனையே அகப்படவில்லை. அகப்படாத இடத்தில் நான் முடிவெடுத்துவிடுவேன். அப்படித்தான் வளர்ந்தேன். நாயை என் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன்.

டெய்லரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் நூல்கண்டைச் சுற்றினார். "சரிண்ணே. உங்க பேர்ல இருந்தா அதுக்கும் பாதுகாப்பு, கத்திரிக்கும் நல்லது" என்றார். வாரைக் கொடுத்தார், தட்டைக் கொடுத்தார், ஃபோம் மெத்தையைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். பொருள் வெளியே போனால் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிறவர், அன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

என் வீட்டில் நாய் வாடும், சாப்பிடாது என்று என் மனைவி பயந்தாள். அது இரண்டு வேளைக்கு மூன்று வேளையாகச் சாப்பிட்டது. என் சோபாவில் ஏறிப் படுத்தது, சோபாவின் ஒரு மூலையைக் கடித்துப் பஞ்சை வெளியே எடுத்தது. "இது உங்க நாய்தான், சந்தேகமே இல்ல. சொல்றத எதையும் கேக்க மாட்டேங்குது" என்றாள்.

நாலாம் நாள் சோபா விஷயமாக டெய்லர் கடைக்குப் போனேன். அவர் மிஷினில் இருந்தார். மடியில் ஒரு வேன் சீட்டின் முழு உறை. எனக்கு ஏதோ விநோதமாகப் பட்டது. குனிந்து பார்த்தால், ரெக்ஸினின் பளபளப்பு உள்பக்கம் போயிருந்தது. துணிப்பக்கம் வெளியே. ஒரு சீட் இல்லை, ஆறு சீட்டும் அப்படியே தைத்து அடுக்கி வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தையல் பிசகி நான் பார்த்ததில்லை.

"என்ன டெய்லர் இது?"

உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எனக்கும் ஏதோ தப்பாத்தான் தெரிஞ்சுது அண்ணே. என்னன்னு புரியல."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அது சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுது."

"தேடுதா?"

வியாபாரத்தில் எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். இதற்கு எந்தப் பதில் நல்ல பதில் என்று தெரியவில்லை. தேடுகிறது என்றால் வருத்தப்படுவாரா, தேடவில்லை என்றால் வருத்தப்படுவாரா? "இல்ல" என்றேன். அதுதான் உண்மையும்கூட.

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் பிளேடை எடுத்து முதல் உறையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

பத்தாம் நாள் நகராட்சி ஆபீஸ். நீள பெஞ்சு, சுவரில் நின்றுபோன கடிகாரம், ஜன்னலோரம் கட்டுக் கட்டாகக் கோப்புகள். நான் சலவைச் சட்டையில் போயிருந்தேன், பாலிசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். கத்திரி கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டிய கையோடு வந்தார். நாய் என் கையில். டெய்லரை நான் கூப்பிடவே இல்லை. அவராக வந்து பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார், அக்குளில் ஏதோ இடுக்கியிருந்தார்.

எங்களைக் கூப்பிட்டார்கள். "இப்பவாவது சொல்லுங்க, யாரு?" என்றார் அதிகாரியம்மா.

நான் உறையிலிருந்து பாலிசியை உருவினேன். அதற்குள் மேஜைமேல் டெய்லரின் டோக்கன் புத்தகம் வந்து உட்கார்ந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் டெய்லர். குனிந்து நாயின் கழுத்திலிருந்த அட்டையை அவிழ்த்தார். பதினாலு மாதத்தில் அதன் எண் பாதி அழிந்திருந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, 'பொருளைப் பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். தேதி போட்டார். அழிந்துபோன அட்டையைப் பக்கத்தோடு குண்டூசியால் குத்தினார். எந்தப் பொருள் போனாலும் அவர் செய்கிற அதே முறை.

"டெலிவரி ஆயிடுச்சு மேடம். இப்ப என் நாய்."

 அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார் அதிகாரியம்மா. "இத்தனை நாள் லைசென்ஸ் இல்லாம வளத்ததுக்கு அபராதம் உண்டு. இவரோட கைக்கும் நீங்கதான் பொறுப்பு. இன்சூரன்ஸ் உங்களுக்கு உதவாது."

"தெரியும் மேடம். பொறுப்பு எடுத்துக்கத்தான் வந்தேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "டெய்லர், நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேனே. எல்லாம் கச்சிதமா முடிஞ்சிருக்கும். என்ன பண்றே நீ?"

"உள்பக்கம் வெளிய வந்துடுச்சு அண்ணே. பிரிச்சுத் திருப்பிட்டேன். அவ்வளவுதான்."

அதிகாரியம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப இந்தப் பாலிசியில உரிமையாளர்னு போட்டிருக்கறது?"

எத்தனையோ ஆபீசில் எத்தனையோ பேரிடம் வாயாடி ஜெயித்தவன் நான். அன்று எனக்கு வந்தது இவ்வளவுதான்: "கையெழுத்து என்னுதும்மா. மேல இருக்கறத நான் படிக்கல." அதைச் சொல்லி முடித்த பிறகு, எழுபத்திரண்டு வருடத்தில் அதை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அந்தம்மா சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, பாலிசியை ரத்து செய்யச் சொல்லிக் கம்பெனிக்கு எப்படி எழுத வேண்டும் என்று வாசித்துக் காட்டினார். இரண்டு தடவை.

அபராதத்தை டெய்லர் கட்டினார். நாயின் கழுத்தில் நகராட்சியின் பித்தளை வில்லை ஏறியது. கத்திரியின் ஆஸ்பத்திரிச் செலவையும் அவரே கட்டினார்; நான் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார், அவர் மகள் போனில் தருகிறேன் என்றும் வாங்கவில்லை. அதோடு கத்திரி கடையின் சுழல் நாற்காலியைத் தூக்கிவந்து, கிழிசலையெல்லாம் பிடுங்கிப் போட்டு, புது ஃபோம் வைத்து, சிவப்பு ரெக்ஸினில் தைத்துக் கொடுத்தார். கத்திரி அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். "இன்னொரு கை நல்லா இருக்கு டெய்லர். கடையில இன்னொரு நாற்காலியும் இருக்கு. நாய மறுபடி அனுப்பு" என்றார்.

டெய்லர் தன் பேரிலேயே புதுப் பாலிசி எடுத்தார். பதினொரு பக்கத்தையும் மிஷினில் உட்கார்ந்து, வரி வரியாக எனக்கும் கேட்கும்படி படித்தார். எனக்குப் பாதி புரிந்தது. பழைய பாலிசியை ரத்து செய்துவிட்டதாகக் கம்பெனி எழுதியது. ஆனால் அதே கம்பெனியிலிருந்து மாதாமாதம் என் போனுக்கு, உங்கள் செல்லப்பிராணி நலமா என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. என்ன பதில் போடுவது என்று மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததா என்றால் முடிந்தது. எனக்கு மட்டும் ஒரு இடத்தில் முடிச்சு அவிழவில்லை. போன வாரம் டெய்லர் கடையில் உட்கார்ந்திருந்தேன். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது, சீட் பெல்ட் வாரின் ஒரு முனை மிஷின் காலில் கட்டியிருந்தது.

"டெய்லர், அந்தக் கார்க்காரர் நாளைக்கு வந்து நாயக் கேட்டா என்ன பண்ணுவே?"

"டோக்கன் கேப்பேன்."

"அவர் போன பிறகுதானே நாய்க்கு டோக்கன் போட்டே. அவர்கிட்ட ஏது?"

டெய்லர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அன்று ஆபீசில் அந்தப் பக்கத்தை நானும்தான் பார்த்தேன். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பாதி, கிழிக்கப்படாமல், புத்தகத்திலேயே இருந்தது. பதினாலு மாதமாக இந்த மனிதர் "வருவார், வருவார்" என்று சொன்னது அவர் வர வேண்டும் என்றா, வரக் கூடாது என்றா? கேட்டால் சொல்ல மாட்டார். எனக்கும் எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று தெரியவில்லை.

அப்போது தெருவில் வெள்ளைக் கார் சத்தம் கேட்டது. நாய் எழுந்து நின்றது, வார் இறுகியது. ஆனால் நாய்க்கு முன்னாலேயே எழுந்து, வாசலுக்கு வந்து, காருக்குள் இருப்பது யார் என்று எட்டிப் பார்த்தவர் டெய்லர். கார் நிற்காமல் போனது. அவர் திரும்பி வந்து, நாயைப் பார்த்து, "அவர் இல்ல. உக்காரு" என்றார். பிறகு தானும் உட்கார்ந்தார்.